தவணை பிந்தினால் தண்டம் எவ்வளவு?



இம்முறை நம் பாடம் கடனைப் பற்றியது. கடன் வாங்காதீர்கள் என்று புத்திமதி சொல்ல நாங்கள் வரவில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, மகளின் சடங்கு, லயத்துக் கூரைக்கு ஒரு தகரம், வயசான அப்பாவின் வைத்தியம் என்று வரும்போது கையில் காசு இல்லாத குடும்பம் கடன் வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்கிய கடனுக்குத் தவணை பிந்திவிட்டால் கடன் கொடுத்தவர் நம்மிடம் எவ்வளவு தண்டம் கேட்கலாம்? அவர் கேட்பதெல்லாம் கொடுக்கத்தான் வேண்டுமா? சட்டம் எங்காவது கோடு போட்டிருக்கிறதா? இவைதான் இன்றைய கேள்விகள்.

கோடு போட்டிருக்கிறது. ஆனால் அது ஒரே இடத்தில் ஒரே கோடாக இல்லை. பழைய சட்டத்தில் கொஞ்சம், புதிய சட்டத்தில் கொஞ்சம், மத்திய வங்கியின் கட்டளைகளில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. அவற்றைப் பொறுக்கி எடுத்து ஒரு பாடமாகத் தருகிறோம். ஒரே மூச்சில் வாசித்து முடிக்கத் தேவையில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் மூன்று சொற்கள்

கடன் புத்தகத்தில் மூன்று விதமான பணம் எழுதப்படும். மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும்.

முதலாவது வட்டி. பணத்தைப் பாவிப்பதற்கான வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தண்டவட்டி. தவணை பிந்திய நாட்களுக்கு, வழக்கமான வட்டிக்கு மேல் போடப்படும் கூடுதல் வட்டி.

மூன்றாவது தாமதக் கட்டணம். லோன்காரர்கள் "லேட் சார்ஜ்" என்பது இதைத்தான். ஒரு நாள் பிந்தினாலும் ஒரு மாதம் பிந்தினாலும் ஒரே தொகையாக வாங்குவார்கள். "வீட்டுக்கு வந்துபோன செலவு", "கடிதச் செலவு" என்ற பெயர்களிலும் இது வரும்.

நம் ஆட்கள் பெரும்பாலும் மூன்றையும் சேர்த்து "வட்டி ஏறிப்போச்சுங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. எது வட்டி, எது தண்டம் என்று பிரித்துக் கேட்டால்தான் சட்டத்தின் கோடு கண்ணுக்குத் தெரியும்.

துண்டு: நம் பாட்டன் காலத்துக் கணக்கு

கடன் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. நம் முன்னோர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டதே கடன்தான். இந்தியாவிலிருந்து கூட்டிவந்த செலவு, அரிசி, கம்பளி, பெரிய கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதப்பட்டது. ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், "இவர் பெயரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவரை விடுவோம்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் துண்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் குறையாது. தோட்டம் மாறும், கணக்கு கூடவே வரும்.

தன் பெயரில் எவ்வளவு கடன் இருக்கிறது, அது எப்படி ஏறியது என்று அந்தத் தொழிலாளிக்குப் பல வேளைகளில் தெரியாது. கணக்கு கங்காணியின் கொப்பியில் இருந்தது. 1921இல் வந்த சட்டம் இந்தத் துண்டு முறையைத் தடைசெய்தது. இதை இங்கே நினைவுபடுத்தக் காரணம் உண்டு. கணக்கு கடன் கொடுத்தவரின் கையில் மட்டும் இருக்கும்வரை, எந்தச் சட்டம் வந்தாலும் கடன்காரருக்குப் பாதி உதவிதான் கிடைக்கும். கணக்கு நம் கையிலும் இருக்கவேண்டும்.

செல்வியின் மூன்று கடன்

பாடம் விளங்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். மலைநாட்டிலே பிறந்து, யாழ்ப்பாணத் தீவகத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு மகள். அவளைச் செல்வி என்று அழைப்போம். வேலணைத் தீவில் சரவணை என்ற ஊரில் இருக்கிறாள். 1990களின் தொடக்கத்தில் போரால் தீவக மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கழித்துத்தான் திரும்பிவந்து, வெறுங்கையோடு வாழ்க்கையைத் தொடங்கின. 2009இல் போர் முடிந்தபின் வடக்கெங்கும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வந்து கடன் கொடுத்தன. தோட்டத்து லயங்களுக்கும் அதே கம்பனிகள் வந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆகவே சரவணையின் கதையும் நம் டிவிஷனின் கதையும் ஒன்றுதான்.

செல்விக்கு மூன்று கடன் இருக்கிறது.

ஒன்று, புருஷனின் வலைக்காக ஊரிலே ஒருவரிடம் புறோநோட்டு எழுதி வாங்கிய 60,000 ரூபா. வட்டி மாதம் நூற்றுக்கு 3.

இரண்டு, ஒரு கம்பனியில் வாங்கிய கடன். மாதத் தவணை 5,000 ரூபா.

மூன்று, வாடகைக் கொள்வனவில், அதாவது "ஹயர் பேர்ச்சஸ்" முறையில் எடுத்த தையல் மெசின். மொத்த விலை 80,000 ரூபா.

கடலில் தொழில் இல்லாத மாதங்களில் மூன்றுமே பிந்திவிட்டன. ஒவ்வொன்றுக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது கடன்: முதலைத் தாண்டாத வட்டி

செல்வி நான்கு வருஷம் அந்தப் புறோநோட்டுக்கு ஒரு சதமும் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இப்படி:

மாத வட்டி 1,800 ரூபா. 48 மாதத்துக்கு 86,400 ரூபா. முதல் 60,000. ஆக மொத்தம் 1,46,400 ரூபா என்று கடன் கொடுத்தவர் கேட்பார்.

கோர்ட்டிலே அவருக்கு அவ்வளவும் கிடைக்காது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நூற்றெழுபது வருஷத்துக்கு மேற்பட்ட சட்டம். வட்டியாகவோ நிலுவை வட்டியாகவோ அறவிடக்கூடிய தொகை எந்த நிலையிலும் முதலைவிட மிஞ்சக்கூடாது என்று அது சொல்கிறது. ஆகவே 60,000 ரூபா முதலுக்கு 60,000 ரூபா வட்டிதான் உச்சம். மொத்தம் 1,20,000. மீதி 26,400 ரூபாவைச் சட்டம் வெட்டிவிடும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது? பழைய உரோமர் சட்டத்திலே பிறந்து, ஒல்லாந்தர் சட்டத்தின் வழியாக இலங்கைக்கு வந்தது. சரவணை இருக்கும் வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் லைடன். அவர்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயர் அது. தீவுக்கு அவர்கள் வைத்த பெயர் பேச்சு வழக்கில் மங்கிவிட்டது. கடன்காரனுக்கு அவர்கள் சட்டம் வைத்த எல்லை இன்னும் இருக்கிறது. இந்து தர்ம சாஸ்திரத்திலும் இதே எண்ணம் உண்டு. வட்டி முதலுக்குச் சமமாகி, கடன் இரட்டிப்பானதும் நின்றுவிடவேண்டும் என்ற அந்த விதியை வடமொழியில் தாம்துபட் என்பார்கள். ஆக, வட்டிக்கு ஒரு முடிவு வேண்டும் என்பது ஏழைகள் மட்டும் கேட்கும் சலுகை அல்ல. பல நாட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொண்ட நியாயம்.

மூன்று எச்சரிக்கை சொல்லவேண்டும்.

முதலாவது, இது கட்டாமல் சேர்ந்து நிற்கும் வட்டிக்கு உள்ள எல்லை. மாதாமாதம் கட்டிவந்த வட்டி இந்தக் கணக்கில் சேராது. பத்து வருஷம் வட்டி மட்டும் கட்டிவிட்டு, "முதலுக்கு மேலே கட்டிட்டேனுங்க, இனி ஒண்ணும் இல்ல" என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, நோட்டைப் புதுப்பிக்கும் தந்திரம். ஏறிய வட்டியை முதலோடு சேர்த்து, "பழைய நோட்டைக் கிழிச்சிடுறேன், புது நோட்டில ஒரு கையெழுத்துப் போடும்மா" என்பார்கள். போட்டால் நேற்றைய வட்டி இன்று முதலாகிவிடும். எல்லைக்கோடும் தள்ளிப்போய்விடும். புது நோட்டில் கையெழுத்துப் போடுமுன் பழைய முதல் எவ்வளவு, சேர்த்த வட்டி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வங்கிகளும் சில நிதி நிறுவனங்களும் போடும் கடன் வழக்குகளுக்கு 1990இல் தனிச் சட்டங்கள் வந்தன. அந்த வழக்குகள் வேகமாக நடக்கும். எதிராளி தன் பக்கத்தைச் சொல்வதற்கே முதலில் கோர்ட்டின் அனுமதி எடுக்கவேண்டும். அப்படி ஒரு கட்டளை வீட்டுக்கு வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் சட்டத்தரணியிடம் போகவேண்டும்.

கணக்கைத் திறந்து பார்க்கும் சட்டம்

புறோநோட்டுக்கு இன்னொரு காவலும் உண்டு. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம். வட்டியோ மற்ற அறவீடுகளோ அளவுக்கு மிஞ்சியவை, கொடுக்கல் வாங்கல் கொடுமையானது என்று நீதிபதி கண்டால், அந்தக் கணக்கை அவர் திரும்பத் திறந்து பார்க்கலாம். "நோட்டில் கையெழுத்து இருக்கிறதே" என்பதோடு கதை முடிந்துவிடாது. நியாயமான தொகை எவ்வளவு என்று நீதிபதி தாமே கணக்குப் போடலாம். கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கொடுக்கும்படியும் சொல்லலாம். முன்பு முடித்து எழுதிய கணக்கையும் தோண்டிப் பார்க்கலாம். மேலே சொன்ன புது நோட்டுத் தந்திரத்துக்கு இதுவே மருந்து.

இதே சட்டம் புறோநோட்டில் என்ன எழுதவேண்டும் என்றும் சொல்கிறது. உண்மையில் கையில் கொடுத்த முதல் எவ்வளவு, கொடுக்கும்போதே பிடித்துக்கொண்ட வட்டி அல்லது செலவு எவ்வளவு, வருஷத்துக்கு நூற்றுக்கு எத்தனை வட்டி என்ற மூன்றும் நோட்டில் தெரியவேண்டும். 60,000 என்று எழுதிவிட்டு 54,000 கையில் கொடுத்தால், பிடித்த 6,000 ரூபாவும் நோட்டில் இருக்கவேண்டும். ஆகவே வெற்று நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். அதைப் போட்டுக் கொடுப்பது நமக்கென்று சட்டம் கட்டிய வேலியை நாமே பிடுங்கி எறிவது போன்றது.

இரண்டாவது கடன்: லேட் சார்ஜ் எவ்வளவு நியாயம்?

செல்வியின் கம்பனித் தவணை 5,000 ரூபா, பத்து நாள் பிந்திவிட்டது. காசு எடுக்க வந்தவர் 500 ரூபா கூடக் கேட்கிறார்.

"தம்பி, பத்து நாள்தானே பிந்தினது. ஐந்நூறு ஏன்?"

"அக்கா, அது லேட் சார்ஜ். கம்பனி றூல்."

"அந்த றூலை எழுத்தில காட்டுமன்."

செல்வி கேட்டது சரியான கேள்வி. பத்து நாளைக்கு 5,000 ரூபாவுக்கு 500 ரூபா என்றால் நூற்றுக்குப் பத்து. வருஷக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 365. 500 ரூபா என்று கேட்கும்போது சின்னத் தொகையாகத் தெரிவதால்தான் நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

இதை ஒரு அளவுகோலோடு ஒப்பிடுவோம். 2019 செப்டெம்பரில் இலங்கை மத்திய வங்கி, அனுமதிபெற்ற வங்கிகளுக்கு ஒரு கட்டளை போட்டது. வழக்கமான வட்டிக்கு மேலே தண்டவட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு 4ஐத் தாண்டக்கூடாது என்றது. அந்த அளவில் 5,000 ரூபாவுக்குப் பத்து நாள் தண்டவட்டி எவ்வளவு தெரியுமா? சுமார் ஐந்தரை ரூபா. ஐந்நூறு எங்கே, ஐந்தரை எங்கே! அந்தக் கட்டளை வங்கிகளுக்குப் போட்டது, எல்லாக் கம்பனிக்கும் அல்ல. மத்திய வங்கி இப்படிப்பட்ட உச்ச அளவுகளைக் காலத்துக்குக் காலம் போடும், எடுக்கும், மாற்றும். ஆகவே கடன் எடுக்கும் நாளில் நடப்பு அளவு என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்டம் அதிகம் என்று மனதில் ஒரு கணக்கு வர இந்த உதாரணம் போதும்.

தேயிலை வழக்கு ஒன்று

தண்டத்துக்கும் நட்டஈட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி உலகமெங்கும் சட்டம் படிப்பவர்கள் படிக்கும் ஒரு வழக்கு நம் இலங்கைத் தேயிலையால் வந்தது. வெப்ஸ்டர் எதிர் பொசன்கேட் என்று பெயர். கூட்டு வியாபாரம் செய்த இருவர் பிரிந்தபோது ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். குறித்த தேயிலையை முதலில் மற்றவருக்குக் கேட்டுப் பார்க்காமல் வெளியாருக்கு விற்கக்கூடாது, மீறினால் 500 பவுண் கட்டவேண்டும் என்பது நிபந்தனை. மீறல் நடந்தது. வழக்கு இங்கிருந்து லண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போய் 1912இல் முடிந்தது.

அங்கே சொன்ன நியாயம் இது. உடன்படிக்கையில் "தண்டம்" என்று எழுதியிருக்கிறதா, "நட்டஈடு" என்று எழுதியிருக்கிறதா என்ற பெயரை மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. மீறலால் வரக்கூடிய நட்டத்தோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை அளவுக்கு மிஞ்சியதா, மனச்சாட்சிக்கு ஒவ்வாததா என்று பார்க்கவேண்டும். அந்த வழக்கில் 500 பவுண் அப்படி மிஞ்சவில்லை என்று தீர்ந்தது. மீறியவர் கட்டத்தான் வேண்டியிருந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, கையெழுத்துப் போட்ட தொகை நியாயமானதாக இருந்தால் சட்டம் அதைக் கட்டச் சொல்லும். "தண்டம் என்றாலே செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு, தண்டம் உண்மையான நட்டத்தோடு ஒட்டாமல் ஆளைப் பயமுறுத்தவே போடப்பட்டிருந்தால் நீதிமன்றம் அதை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. பத்து நாள் பிந்திய 5,000 ரூபாவால் கம்பனிக்கு என்ன நட்டம்? பத்து நாள் வட்டி, ஒரு தொலைபேசி அழைப்பு, ஒருவேளை ஆள் வந்துபோன செலவு. அதைக் கணக்காகக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

நுண்கடனும் மத்திய வங்கியும்

குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவரைப் பிணையாக வைத்துக் கொடுக்கும் நுண்கடனால் வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் பெண்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது என்று போனது. 2016இல் நுண்நிதிக்கென 6ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, நிலுவையில் கிடந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் ஒரு நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டில் நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு வருஷம் நூற்றுக்கு 35 என்று உச்ச வட்டியும் அறிவிக்கப்பட்டது. முப்பத்தைந்தையே உச்சமாக வைக்கவேண்டி வந்ததென்றால், அதற்கு முன் எங்கே நின்றிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

2020இல் மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் தொடங்கப்பட்டது. 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்தன. வங்கி, நிதிக் கம்பனி, லீசிங் கம்பனி பற்றிய முறைப்பாட்டை முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுக்கவேண்டும். சரியான பதில் வராவிட்டால் திணைக்களத்துக்கு எழுதலாம். தொலைபேசி இலக்கம் 1935.

மூன்றாவது கடன்: தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு போகலாமா?

தவணை பிந்தினால் வரும் பெரிய பயம் பொருளைப் பறிகொடுப்பது. 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கொடுகடன் சட்டம் வாடகைக் கொள்வனவுக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. மொத்த விலையில் நூற்றுக்கு 75 பங்கு கட்டியாகிவிட்டால், அதன்பின் தவணை தவறினாலும் நீதிமன்ற வழக்கு மூலமே தவிர பொருளைத் திருப்பி எடுக்கக்கூடாது.

செல்வியின் மெசின் 80,000 ரூபா. அதில் நூற்றுக்கு 75 என்பது 60,000 ரூபா. அவள் 62,000 கட்டியிருக்கிறாள். ஆகவே இரண்டு பேர் வந்து, "மெசினை ஏத்திக்கொண்டு போறம்" என்றால், "கோர்ட் கட்டளை எங்கே?" என்று கேட்கும் இடத்தில் அவள் நிற்கிறாள். கட்டிய துண்டுகள் கையில் இருந்தால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். 58,000தான் கட்டியிருந்தால் நிலைமை வேறு. ஆகவே முக்கால் பங்கை நெருங்கும்போது எப்படியாவது அந்தக் கோட்டைத் தாண்டிவிடப் பாருங்கள்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் இப்போது பெரும்பாலும் "லீசிங்" முறையில் கொடுக்கப்படுகின்றன. அது 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வரும். அங்கே இந்த முக்கால் பங்கு விதி கிடையாது. இரண்டும் தவணைதான், இரண்டும் மாதாமாதம்தான். ஆனால் சட்டம் வேறு. ஆகவே கையெழுத்துப் போடுமுன் "இது ஹயர் பேர்ச்சஸா, லீசிங்கா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் பின்னாளில் வண்டியின் விதியையே தீர்க்கும்.

அக்கம்பக்க நாடுகளில்

நமக்குச் சொந்தபந்தம் இருக்கும் தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்ற கொடுமையான வட்டி முறைகளை அது குற்றமாக்கியது. இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் இன்னொரு முக்கியமான படி எடுத்தது. தவணை தவறினால் தண்டம் போடலாம், ஆனால் அதை வட்டியோடு சேர்த்து வட்டியாக்கக்கூடாது, தண்டத்துக்கு மேல் வட்டி ஏறக்கூடாது, தண்டம் வங்கிக்கு வருமானம் தேடும் வழியாகவும் இருக்கக்கூடாது என்றது. 2024இல் இது நடைமுறைக்கு வந்தது.

நம்மைப் போலவே ஒல்லாந்தர் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்கா, 2005ஆம் ஆண்டின் கடன் சட்டத்தில் பழைய விதியை இன்னும் இறுக்கியது. ஒருவர் தவணை தவறியிருக்கும் காலத்தில் ஏறும் வட்டி, கட்டணம், வசூல் செலவு எல்லாம் சேர்ந்து, தவறிய நாளில் மிச்சமிருந்த முதலைத் தாண்டக்கூடாது என்கிறது. அங்கே வட்டிக்கு மட்டுமல்ல, லேட் சார்ஜுக்கும் சேர்த்து ஒரே கூரை. நம் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

கடன் எடுக்குமுன்: வட்டி எத்தனை, தண்டவட்டி எத்தனை, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். விளங்காத மொழியில் உள்ள தாளில் கையெழுத்து வேண்டாம். தமிழில் கேளுங்கள். தவணைத் திகதியைச் சம்பளத்துக்குப் பிந்திய நாளாக வையுங்கள். சம்பளம் 10ஆம் திகதி வரும் வீட்டுக்கு 5ஆம் திகதித் தவணை என்றால், மாதாமாதம் தண்டம் கட்டுவதற்கென்றே எழுதிக் கொடுத்த மாதிரி.

கட்டும்போது: துண்டு வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். "புத்தகத்தில எழுதியாச்சு அக்கா" என்பது துண்டு ஆகாது. ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எல்லாத் துண்டையும் போட்டு வையுங்கள். கட்டிய பணத்தை முதலுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு, தண்டத்துக்கு எவ்வளவு வரவு வைத்தார்கள் என்று பாருங்கள். பல வீடுகளில் கட்டிய பணம் முழுவதும் தண்டத்துக்கே போய், முதல் அசையாமல் நிற்கும்.

பிந்தும் என்று தெரிந்தால்: ஒளியாதீர்கள். தவணை நாளுக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். எழுத்தில் அவகாசம் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதி பின்னால் கோர்ட்டிலும் உதவும்.

பிணக்கு வந்தால்: ஊரிலே வாங்கிய கடன் என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபை அது. அங்கே சட்டத்தரணி இல்லாமலே இரு பக்கமும் உட்கார்ந்து பேசலாம். வழக்கு வந்துவிட்டால், வசதி இல்லாதவர்களுக்கு 1978இல் ஏற்படுத்தப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கோர்ட் கட்டளையைப் பெட்டியில் வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். வராதவருக்கு எதிராகத் தீர்ப்பு சுலபமாக விழும். மேலே சொன்ன எல்லைகளை நீதிபதிக்கு எடுத்துச் சொல்லவும் ஆள் இருக்காது.

வீட்டில் வந்து ஏசினால், மிரட்டினால்: கடன் இருப்பது குற்றம் அல்ல. மிரட்டுவது குற்றம். அக்கம்பக்கத்தாரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு போடலாம்.

நம் பக்கத்துக் கடமை

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் பாடம் முழுமையாகாது. கடன் கொடுத்தவரும் எங்கோ ஒரு இடத்தில் பணம் எடுத்துத்தான் கொடுக்கிறார். நாம் கட்டாமல் விட்டால் அடுத்த வீட்டுக்குக் கடன் கிடைக்காது, அல்லது அதிக வட்டிக்குத்தான் கிடைக்கும். சட்டம் வைத்த எல்லை கடனை அழிப்பதற்கு அல்ல, கடன் ஆளை அழிக்காமல் இருப்பதற்கு. செல்வி 60,000 ரூபா வாங்கினாள். அதைக் கட்டவேண்டும். நியாயமான வட்டியும் கட்டவேண்டும். கட்டத் தேவையில்லாதது அதற்கு மேலே நியாயமில்லாமல் ஏறியது மட்டும்தான்.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. உங்கள் வீட்டுக் கடன் புத்தகத்தில் வட்டி, தண்டவட்டி, தாமதக் கட்டணம் மூன்றும் பிரித்து எழுதப்பட்டிருக்கிறதா?

2. 40,000 ரூபா புறோநோட்டுக்கு வட்டி கட்டாமலே பல வருஷம் போய்விட்டது. வட்டியாக அதிகம் எவ்வளவு அறவிடலாம்? (விடை: 40,000 ரூபா.)

3. வாடகைக் கொள்வனவில் எடுத்த 1,20,000 ரூபாப் பொருளுக்கு எவ்வளவு கட்டினால் கோர்ட்டுக்குப் போகாமல் அதைத் தூக்க முடியாது? (விடை: 90,000 ரூபா.)

4. 4,000 ரூபாத் தவணை ஒரு கிழமை பிந்தியதற்கு 300 ரூபா கேட்கிறார்கள். நூற்றுக்கு எத்தனை? ஒரு வருஷத்துக்கு அது எத்தனை ஆகும்? கணக்குத் தெரிந்த பிள்ளைகளிடம் போடக் கொடுங்கள்.

5. உங்கள் டிவிஷனில் கடன் தாள்களை வாசித்துச் சொல்லக்கூடிய இரண்டு பேர் யார்? அவர்களிடம் இந்தப் பாடத்தைக் கொடுத்து வையுங்கள்.

துண்டுக் காலத்தில் நம் பாட்டிக்குத் தன் கடன் எவ்வளவு என்று தெரியாது. இன்று நமக்குத் தெரியாமல் இருக்கக் காரணம் இல்லை. பிஸ்கட் டின்னைத் திறந்து, துண்டுகளைத் திகதிப்படி அடுக்கி, ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். இந்த மாதச் சம்பளத்துக்கு முன்பே செய்துவிடலாம்.